பிடரியில் தொடங்கும் தையல்

வெரேனாவின் உடுப்பு கூடையில் இல்லை.

யசோதரா கூடையைக் கவிழ்த்துக் கொட்டி இன்னொருதரம் பார்த்தாள். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஆடினவர்கள் கழற்றிப் போட்ட உடுப்புகள், வியர்வையில் ஊறி, இரவு முழுக்க மூடிக் கிடந்து புளித்த மணத்தோடு நிலக்கீழ் அறையின் சீமெந்துத் தரையில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தியின் தோல் நிறம். ஒன்று பால் வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று கோதுமை. கழுத்தின் உட்பக்கம் பெயர் எழுதித் தைத்த நாடா. எல்லாருடைய பெயரும் இருந்தது, வெரேனாவின் பெயரைத் தவிர.

எங்கேயாவது எறிந்துவிட்டுப் போயிருப்பாள், அவள் எப்போதும் அப்படித்தானே என்று முணுமுணுத்தபடி மேலே உடை மாற்றும் அறைக்குப் போனாள். கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பா, கொண்டை ஊசிகள், பாதி தின்ற ஆப்பிள். கதவில் வெறும் ஹாங்கர் தொங்கியது. அதற்குக் கீழே, ஆட்டம் முடிந்ததும் தையலை வெட்டி ஒருத்தியை ஒருத்தி உடுப்பிலிருந்து விடுவிக்கிற சின்னக் கத்தரிக்கோல் வாயைத் திறந்தபடி கிடந்தது. நுனியில் காய்ந்த கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. உதட்டுச் சாயம் என்று யசோதரா தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்தாள்.

அது எண்பத்தாறாம் ஆண்டு நவம்பர். சோலோதுர்ன் நகரத்தில் அந்த மாதம் ஆரே ஆற்றிலிருந்து எழும்புகிற பனிப்புகார் ஊரை மூடினால் மூடினதுதான். மத்தியானமே விளக்குப் போட வேண்டும், பாலத்தில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. ஆற்றோரத்துத் தியேட்டரின் நிலக்கீழ் அறையில் யசோதரா இரண்டு வருசமாக வேலை செய்தாள். முதலில் துணி துவைக்கத்தான் எடுத்தார்கள். தன் ஊரான சுன்னாகத்தில் சட்டையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துப் பழகிய கை என்று தெரிந்ததும் தையல் மெசினில் உட்கார வைத்தார்கள்.

அவள் வந்த வருசம் அங்கே இருந்ததெல்லாம் பழைய பாணி பாலே உடுப்புகள். இடுப்பை இறுக்கிப் பிடிக்க உள்ளே கம்பி வைத்த மேற்சட்டை, முதுகில் வரிசையாகக் கொக்கிகள், இடுப்பைச் சுற்றி விறைத்து நிற்கிற வலைப் பாவாடை. மூச்சு முட்டினாலும் பரவாயில்லை, கொக்கியை விட்டால் ஆள் வெளியே வந்துவிடலாம். அடுத்த வருசம் லூத்தி என்கிற புது நடன இயக்குநர் வந்தார். வந்த கிழமையே வலைப் பாவாடைகள் குப்பை வண்டியில் ஏறின. பிறகு சட்டைக் கை போனது. பிறகு காலுறை போனது. ஒவ்வொன்றும் குறையக் குறையச் சனம் எழும்பி நின்று கை தட்டியது. கடைசியில் இழுத்தால் இழுபடுகிற லைக்ரா துணி வந்தது. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணி, ஆடுகிறவளின் தோல் நிறத்துக்கே சாயம் ஊற்றியது. சிப் வைத்தால் வெளிச்சத்தில் மின்னுகிறதாம், கொக்கி வைத்தால் புடைக்கிறதாம். ஆகவே உடுப்பை மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பிடரியிலிருந்து இடுப்பு வரை யசோதரா அவர்களை உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். இந்தக் கூத்தைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

உடம்பில் கிடக்கிற துணியில் ஊசி வைக்கக் கூடாது. அவள் வீட்டில் அது கண்டிப்பு. வெளிக்கிட்டு நிற்கிற நேரம் பொத்தான் அறுந்து, வேறு வழியில்லை என்றால் மட்டும் தைப்பார்கள், அப்போதும் உடுத்தியிருக்கிறவர் “என்ன தைக்கிறாய்?” என்று கேட்க வேண்டும், தைக்கிறவள் “கந்தல் தைக்கிறன், ஆளைத் தைக்கேல்லை” என்று பதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் முதல் குத்து. யாருக்குச் சொல்லுகிறோம் என்று அவள் சின்ன வயதில் கேட்டு, வாயில் ஒரு தட்டு வாங்கினாள்.

முதல் நாளே அதை வெரேனாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். வெரேனா முதன்மை ஆட்டக்காரி, பக்கத்து மலைக் கிராமத்துப் பெண், சிரித்தால் மூக்குச் சுருங்கும். யசோதராவின் ஜெர்மனைத் திருத்துவதும் அவள்தான், புகார் நாட்களில் தன் கம்பளித் தொப்பியை யசோதராவின் தலையில் கவிழ்த்துவிட்டு ஓடுவதும் அவள்தான். “என்ன தைக்கிறாய்” என்பதை அவள் பாட்டுப்போல இழுத்துக் கேட்பாள். மற்றப் பெண்களும் பழகிவிட்டார்கள். பதில் வரும்வரை ஒருத்தியும் முதுகை அசைக்க மாட்டாள்.

சனிக்கிழமைதான் அது பிசகியது. எல்லோரையும் தைத்து முடித்து, கடைசியாக வெரேனா வந்து நின்றாள். மேலே மணி அடித்துவிட்டது. லூத்தி படியிறங்கி வந்து கதவில் நின்றார். வெரேனா வழமைபோலக் கேட்டாள். இது தியேட்டர், இங்கே மந்திரம் ஓதுகிற வேலை வேண்டாம், அப்படி ஓத வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்கலாம் என்றார் லூத்தி. குரலை உயர்த்தவே இல்லை.

வேறு இடம் என்றால் என்ன என்று யசோதராவுக்குத் தெரியும். அவளும் புருசன் சிவநேசனும் போட்ட அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. இவளுடைய வேலை எங்களுக்குத் தேவை என்று தியேட்டர், வெளிநாட்டாரைக் கவனிக்கிற பொலிசுக்குச் சொன்னால் ஒரு பிடி கிடைக்கும். சொல்லாவிட்டால் கொழும்புக்கு விமானம். சிவநேசன் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிவிட்டு வந்து, வெந்த கைகளுக்குக் களிம்பு பூசியபடி தினமும் ஓதுவது அதைத்தான். “இஞ்ச பாரும் யசோ, அவங்கள் என்ன சொன்னாலும் ஓம் எண்டு சொல்லும். வேலை போனா எங்கட கேஸும் போச்சு.”

யசோதரா பதிலை விழுங்கினாள். வெரேனா கழுத்தைத் திருப்பி, பதிலுக்குக் காத்திருக்கிற கண்ணோடு அவளைப் பார்த்தாள். யசோதரா குனிந்து ஊசியைக் குத்தினாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை, பின்னேர ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவள் சலவை மெசினுக்குள் உடுப்புகளைத் திணித்துக் கதவைச் சாத்தினாள். தண்ணீர் ஏறும் இரைச்சல், சூடேறும் குழாய்களின் முனகல், சோப்பும் ஈரச் சுவரும் கலந்த மணம். தலைக்கு மேலே மேடைப் பலகையில் யாரோ ஒத்திகை பார்த்தார்கள். குதித்து விழும் ஒவ்வொரு காலும் கூரையிலிருந்து மெல்லிய தூசியைக் கொட்டியது. அந்தச் சத்தங்களுக்கு நடுவில், கதவுக்கு வெளியே, யாரோ மூச்சை மெதுவாக இழுத்து விடுவது கேட்டது. ஓடி வந்த மூச்சு இல்லை. நெஞ்சை விரிக்க இடமில்லாத மூச்சு.

வெரேனா உள்ளே வந்தாள். தடித்த கோட்டு, கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை, கையுறை. முகம் மெழுகாக இருந்தது.

“யசோ, உடுப்பு கழலவில்லை,” என்றாள்.

ஆட்டம் முடிந்ததும் தோழி ஒருத்தி தையலைத் தேடினாளாம், கிடைக்கவில்லையாம். பகிடி விடாதே, நீ ஏற்கெனவே கழற்றிவிட்டாய், இது உன் வெறும் முதுகு என்று சிரித்துவிட்டுப் போனாளாம். வெரேனா தானே கத்தரிக்கோலை எடுத்து விலாப்பக்கம் வெட்டிப் பார்த்தாள். இரத்தம் வந்தது. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்து, தோல் நன்றாக இருக்கிறது, நித்திரை கொள்ளுகிறீர்களா என்று கேட்டார்.

“எல்லோருக்கும் தோல் தெரிகிறது. ஆனால் எனக்கு உள்ளே இறுக்குகிறது. நேரத்துக்கு நேரம் இறுக்குகிறது. நீ பார். நீதானே தைத்தாய்.”

அவள் கோட்டைக் கழற்றினாள். உள்ளே வேறு ஒன்றும் போட்டிருக்கவில்லை. யசோதராவுக்கு வெட்கத்தில் கண் தாழ்ந்தது. தாழ்ந்த கண் முழங்காலில் நின்றது. அங்கே தோலில் மெல்லிய நெசவு இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக, லைக்ராவை வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்தால் தெரிகிற அதே நெசவு. கணுக்காலில் அவள் மடித்து அடித்த ஓரம், தோலோடு தோலாக, ஒரு நரம்பு அளவு புடைத்து ஓடியது.

பிடரி மயிரை விலக்கினாள். தன் தையல் அவளுக்குத் தெரியாதா? சின்னச் சின்னக் குத்து, இடப்பக்கம் கொஞ்சம் சரிந்த குத்து, பிடரியிலிருந்து இடுப்பு வரை நேராக இறங்கியது. நூல் வெள்ளை நூல்தான். ஆனால் அது துணியில் இல்லை. சதைக்குள் போய், சதையிலிருந்து வெளியே வந்தது. அவள் ஒரு விரலை வைத்தாள். நூல் சூடாக இருந்தது. துடித்தது.

ஐயோ கடவுளே என்று அவள் பின்னால் போய் மெசினில் இடித்துக்கொண்டாள்.

“வெட்டு,” என்றாள் வெரேனா.

வெள்ளைக்காரப் பெண்ணின் இரத்தம், கறுத்தப் பெண்ணின் கையில் கத்தரிக்கோல். யாருக்கு என்ன சொல்லி விளங்கப்படுத்துவது? எந்தத் தையலைக் காட்டுவது? பொலிஸ் வந்தால் கேஸ் அன்றைக்கே முடிந்தது; சிவநேசனையும் சேர்த்து ஏற்றிவிடுவார்கள். லூத்தியைக் கூட்டி வருகிறேன் என்று உளறிவிட்டு அவள் வெளியே ஓடினாள். லூத்தியிடம் போகவில்லை. பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடினாள். புகார் வாயிலும் மூக்கிலும் ஏறியது, கல்லில் தண்ணீர் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுக்குப் போ, எனக்கொன்றும் தெரியாது என்று சொல்லு. கால்கள் அதைத்தான் சொல்லின.

அப்போது உள்ளே வெரேனா கத்தினாள்.

மனுசர் சாகிற நேரம் கத்துகிற சத்தம் அது. சுன்னாகம் சந்தையில் குண்டு விழுந்த நாளில் அவள் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு ஓடித் தப்பினவள்தான். இன்றைக்குக் கால் திரும்பியது.

வெரேனா துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலை எடுத்திருந்தாள். இடது மணிக்கட்டில் செருகி, துணி வெட்டுகிறதுபோலவே, முழங்கை வரைக்கும் வெட்டிக்கொண்டு போயிருந்தாள். இரண்டு பக்கமும் திறந்து தொங்கியது. இரத்தம் விரல்களால் வழிந்து மெசினின் வெள்ளைத் தகட்டில் சொட்டியது. கண் செருகிய நிலையிலும் அவள் கத்தரிக்கோலை மறுபடி மூடத்தான் பார்த்தாள், இன்னும் வெட்ட.

யசோதரா பாய்ந்து பறித்தாள். தன் சால்வையால் கையைச் சுற்றி இறுக்கினாள். அவளை வாங்குப் பலகையில் குப்புறக் கிடத்தி, பிடரிக்குக் குனிந்தாள். முதல் குத்துக்குக் கீழே ஊசி முனையைக் கொடுத்து நெம்பினாள். நூல் அசையவில்லை. வெரேனா துடித்தாள். இன்னொருதரம் நெம்பினாள். இரத்தம் முத்தாக வந்தது.

விழுங்கின பதில் தொண்டையில் வந்து நின்றது.

“கேள், வெரேனா. கேட்கிறதைக் கேள்.”

உதட்டைக் கடித்துக்கொண்டு, இழுக்காமல், பாடாமல், அந்தப் பெண் கேட்டாள். “என்ன தைக்கிறாய்?”

“கந்தல் தைக்கிறன். ஆளைத் தைக்கேல்லை.”

நூல் தளர்ந்தது.

யசோதராவின் கண்ணால் தண்ணீர் கொட்டியது. முதல் குத்து வந்துவிட்டது. இரண்டாவதும் வந்தது. அப்பாடா, அப்பாடா என்று தமிழில் சொல்லிச் சொல்லி உருவினாள். வெரேனா பெருமூச்சு விட்டாள், முழு மூச்சு. “இறுக்கம் போகிறது,” என்றாள். அழுகையும் சிரிப்புமாக இரண்டு பேரும் ஏதேதோ கதைத்தார்கள். வெட்டின கையும் வலிக்கவில்லை என்றாள். தையல் தோள்பட்டைகளுக்கு நடுவே இறங்கியது, இடுப்பை அடைந்தது. கடைசிக் குத்து. விளிம்புகள் இரண்டும் தாமாகவே விலகின. உள்ளேயிருந்து ஆவி எழும்பியது.

லைக்ராவுக்குக் கீழே தோல் இருக்க வேண்டும்.

தோல் இருக்கவில்லை.

சிவப்பு. ஈரம். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கயிறுகயிறாகச் சதை, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. வெள்ளையாக ஒரு விலா. இன்னொரு விலா.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தைத்தது கந்தல் என்று தன் வாயால் சொல்லியாயிற்று. தைத்ததற்குள் வெரேனாவின் தோலும் சேர்ந்திருந்தது, அதுவும் கந்தலாகிவிட்டது.

விளிம்புகளைப் பிடித்து மூடப் பார்த்தாள். வழுக்கியது. மூடு, மூடு. விரல் உள்ளே போனது. சூடு. கையை இழுத்தாள்.

“குளிராக இருக்கிறது,” என்றாள் வெரேனா. பயந்த குரல் இல்லை. “நல்லாயிருக்கிறது. நிறுத்தாதே.”

“இல்லை,” என்றாள் யசோதரா. அந்தத் தியேட்டரில் அவள் அதுவரை சொல்லாத சொல்.

வெரேனா தானே எழும்பி உட்கார்ந்தாள். தோள்களைக் குலுக்கினாள். ஈரக் காலுறையை உருட்டிக் கழற்றுகிறதுபோல, கழுத்திலிருந்து கீழே தள்ளினாள். கை விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சுற்றியிருந்த சால்வையும் சேர்ந்து விழுந்தது. இடுப்பு. தொடை. ஒட்டிக்கொண்ட இடங்களில் கிழிகிற சத்தம். குதிக்காலில் மாட்டிக்கொண்டபோது குனிந்து, ஒரு சின்ன எரிச்சலோடு, வெடுக்கென்று இழுத்தாள். முகத்தை மட்டும் கடைசிவரை விட்டிருந்தாள். பிறகு அதையும் நாடியிலிருந்து மேலே தூக்கினாள்.

கூந்தலோடு வந்தது.

அவள் அதைச் சுவரில் தொங்கிய ஒரு ஹாங்கரில் கொழுவினாள். தொப்புள் இருந்தது. நகங்கள் இருந்தன. கழுத்தின் உட்பக்கத்தில், யசோதரா தைத்த நாடா.

மேலே மணி அடித்தது.

இமை இல்லாத கண்கள் மேலே திரும்பின. அது பாதத்தை நீட்டியது. விரல் நுனியில் நின்றது. கதவைத் திறந்துகொண்டு படியேறியது.

யசோதரா பின்னால் ஓடினாள். படியெல்லாம் ஈரம். கத்தினாள். மேடையோரத்தில் லூத்தி கையை நீட்டி அவளை மறித்துப் பிடித்தார். வாத்தியம் தொடங்கிவிட்டது. வெளிச்சம் விழுந்தது.

அது ஆடியது.

ஒவ்வொரு தசையும் தெரிந்தது. இழுபடுவது, சுருங்குவது, நடுங்குவது. சுழன்றபோது முன்வரிசையில் துளிகள் தெறித்தன. நெஞ்சுக்கூட்டுக்குள் இருதயம் அடிப்பது தெரிந்தது. வாய் திறந்தே இருந்தது. அது சிரிப்பா, கத்தலா, யாருக்குத் தெரியும்? உதடு இல்லையே.

சபையில் மூச்சில்லை. ஒருத்தரும் எழும்பவில்லை. ஒருத்தரும் ஓடவில்லை.

பிறகு ஒரு கைதட்டல். பிறகு எல்லாக் கையும். எழும்பி நின்றார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா கன்னத்தில் தெறித்ததைத் துடைக்காமலே தட்டினாள்.

லூத்தியின் கண்கள் கலங்கியிருந்தன. அவர் யசோதராவின் கையை விடவில்லை.

“வெளிநாட்டார் பொலிசுக்கு நாளைக்கே எழுதுகிறேன்,” என்றார். “உங்களை ஒருவரும் எங்கும் அனுப்ப முடியாது. நீங்கள் இல்லாமல் இனி எங்களால் முடியாது.”

அவள் இரண்டு வருசமாக எதற்குக் காத்திருந்தாளோ அது. பிடித்துக்கொள்ள எதையாவது தேடித் திரும்பினாள்.

பின்னால், மேடைக்கு வருகிற ஒடுங்கிய நடைவழியில், மற்றப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். முதுகைக் காட்டி, இருட்டுக்குள் மறைகிற நீள வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவள் இரண்டு கையாலும் கூந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெளுத்த பிடரியைக் குனிந்து கொடுத்தாள். லூத்தி யசோதராவின் விரல்களை விரித்து, தையல் வெட்டுகிற அந்தச் சின்னக் கத்தரிக்கோலை உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு விரலாக மூடினார்.